ஒரு தகப்பனாரின் மனு

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாகப் போனால் பாலாறு வரும். அங்கே ஒரு சோதனைச் சாவடி இருக்கிறது. அதைத் தாண்டினால் கர்நாடக மாநிலம். பிறகு பஸ் மலை ஏறும். மேலே மாதேஸ்வரன் கோயில். சேலம், ஈரோடு, தருமபுரிப் பக்கத்து மக்கள் வருடம் தவறாமல் போய் வருகிற கோயில். உங்களில் பலரும் போயிருப்பீர்கள். மலையைக் கடந்து அந்தப் பக்கம் இறங்கிப் போனால் ஹனூர் என்ற ஊர் வரும். ஹனூரைத் தாண்டினால் கொள்ளேகால். அதற்கும் அப்பால் மைசூர்.

கொள்ளேகால் தாலுகா ஒரு காலத்தில் நம் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தார்கள். அப்போது அது மைசூர் மாநிலத்துக்குப் போனது. ஹனூர் அந்தத் தாலுகாவுக்குள் இருந்த ஊர். 1997 வரை மைசூர் மாவட்டம். பிறகு சாமராஜநகர் மாவட்டம். பின்னாளில் ஹனூர் தனித் தாலுகாவும் ஆனது. அந்தக் காட்டு ஊர்களில் தமிழ் பேசுகிற குடும்பங்கள் நிறைய உண்டு. ஒரே வீட்டில் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார்கள்.

இந்த மலைக்காட்டில் நடந்த கொலைகளிலிருந்து ஒரு வழக்கு பிறந்தது. அது டில்லியில் உள்ள சுப்ரீம் கோர்ட் வரை போனது. அதைத் தொடுத்தவர் அரசியல்வாதி அல்ல. பெரிய வக்கீலும் அல்ல. மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பனார். அவர் பெயர் அப்துல் கரீம்.

காட்டில் நடந்தது

சந்தன மரத்துக்கும் யானைத் தந்தத்துக்கும் விலை அதிகம். அவற்றைத் திருடி விற்ற கும்பல்கள் பல. அவற்றில் பெரிய கும்பல் வீரப்பனுடையது. வீரப்பன் பிறந்தது கோபிநத்தம். அதுவும் இன்றைய ஹனூர் தாலுகாவில் உள்ள ஊர்தான்.

முதலில் யானைகள் செத்தன. பிறகு மனிதர்கள் சாகத் தொடங்கினார்கள். காட்டிலாகா அதிகாரி பி. சீனிவாஸ் கோபிநத்தம் மக்களோடு நெருங்கிப் பழகியவர். ஊருக்கு நல்லது செய்தவர் என்று இன்றும் அங்கே சொல்கிறார்கள். வீரப்பன் சரணடையப் போவதாக அவருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் நம்பிப் போனார். 1991 நவம்பரில் அவரைக் கொன்றார்கள்.

1992-இல் ஹனூருக்குப் பக்கத்தில் உள்ள ராமாபுரம் போலீஸ் நிலையத்தைக் கும்பல் தாக்கியது. அங்கே இருந்த போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் ஆகஸ்ட் 14-ஆம் தேதி, மீண்யம் என்ற ஊரருகே இன்னொரு தாக்குதல். மைசூர் மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டு ஹரிகிருஷ்ணா அதில் இறந்தார். சப்-இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமதுவும் இறந்தார். அவர்களோடு போன போலீஸ்காரர்களும் செத்தார்கள். மறுநாள் சுதந்திர தினம்.

இந்த ஷகீல் அகமதுவின் தகப்பனார்தான் அப்துல் கரீம். அவரும் போலீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

1993 ஏப்ரல் 9-ஆம் தேதி பாலாற்றின் அருகே கண்ணிவெடி வெடித்தது. தமிழ்நாட்டுப் போலீஸ் படை போன வண்டிகள் சிதறின. 22 பேர் இறந்தார்கள். அவர்களில் எல்லோரும் போலீஸ்காரர்கள் அல்ல. வழிகாட்டவும் தகவல் சொல்லவும் கூடப் போன ஏழை மக்களும் இருந்தார்கள்.

அதன் பிறகு இரண்டு மாநிலப் போலீசாரும் ஊர் ஊராகப் புகுந்தார்கள். ஆண்களையும் பெண்களையும் பிடித்தார்கள். பலரை மைசூர்ச் சிறையில் அடைத்தார்கள். அவர்கள் மேல் 'தடா' சட்டத்தில் வழக்குப் போட்டார்கள்.

தடா என்பது என்ன?

பயங்கரவாதத்தைத் தடுக்க என்று மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் தடா. அது மிகக் கடுமையானது. ஒன்று மட்டும் சொன்னாலே உங்களுக்குப் புரிந்துவிடும்.

சாதாரணச் சட்டப்படி, போலீசாரிடம் ஒருவர் 'நான்தான் செய்தேன்' என்று சொன்னால் அது சாட்சியம் ஆகாது. ஏன்? அடித்தும் மிரட்டியும் சொல்ல வைத்திருக்கலாம் அல்லவா? அதனால் நீதிபதி முன்னால் சொன்னால்தான் ஒப்புக்கொள்வார்கள். தடா சட்டத்தில் அந்தக் காப்பு இல்லை. போலீஸ் சூப்பிரண்டு முன்னால் சொன்னாலே போதும். அதை வைத்தே தண்டிக்கலாம். ஜாமீன் கிடைப்பதும் குதிரைக் கொம்பு.

1995-இல் இந்தச் சட்டம் காலாவதி ஆனது. தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று நாடு முழுக்க எதிர்ப்பு இருந்ததால் அதை நீட்டிக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே போட்ட வழக்குகள் மட்டும் நிற்கவில்லை. மைசூர்ச் சிறையில் இருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். வருடங்கள் ஓடின.

ராஜ்குமார் கடத்தப்பட்டார்

2000-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி இரவு. ஈரோடு மாவட்டம், தாளவாடிப் பக்கம், தொட்டகாஜனூர். கன்னட நடிகர் ராஜ்குமார் தம் சொந்த ஊர் வீட்டில் இருந்தார். அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. வீரப்பன் அங்கே வந்து அவரையும் வேறு மூன்று பேரையும் காட்டுக்குள் கொண்டு போனான்.

கர்நாடகம் கொதித்தது. பெங்களூரில் கடைகள் அடைத்தன. அங்கே வாழும் தமிழர்கள் பயந்து போனார்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது. 1991-இல் காவிரிப் பிரச்சினையின்போது அங்கே தமிழர்களைத் தாக்கினார்கள். வீடுகளைக் கொளுத்தினார்கள். ராஜ்குமாருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன நடக்குமோ? தினமும் ரேடியோவில் காதை வைத்துக் கேட்டார்கள்.

வீரப்பன் பல கோரிக்கைகளை அனுப்பினான். காவிரி நீர் தர வேண்டும். பெங்களூரில் திருவள்ளுவர் சிலையைத் திறக்க வேண்டும். மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு நல்ல கூலி தர வேண்டும். இவையெல்லாம் கேட்க நியாயமாகத் தோன்றும். அவற்றோடு சேர்ந்து இன்னொன்றும் இருந்தது. மைசூர்ச் சிறையில் உள்ள தடாக் கைதிகளை விட வேண்டும். தமிழ்நாட்டுச் சிறையில் உள்ள ஐந்து பேரையும் விட வேண்டும்.

கர்நாடக முதலமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணா. தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. கருணாநிதி. இருவரும் கூடிப் பேசினார்கள். கைதிகளை விடலாம் என்று முடிவு செய்தார்கள். அரசு வக்கீல் மைசூர்க் கோர்ட்டில் மனுக் கொடுத்தார். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மீதுள்ள தடாக் குற்றச்சாட்டை அரசு விட்டுவிடுகிறது என்று அந்த மனு சொன்னது. தடா போய்விட்டால் ஜாமீன் கிடைக்கும். ஜாமீன் கிடைத்தால் வெளியே வரலாம். ஆகஸ்ட் மாதமே நீதிபதி அனுமதி கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் அப்துல் கரீம் சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட்டார்.

வழக்கு யாருடையது?

இங்கே சற்று நின்று ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். இது நமக்கும் பயன்படும்.

உங்கள் ஆட்டை ஒருவன் திருடிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போலீசில் புகார் கொடுக்கிறீர்கள். போலீசார் அவனைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். இனிமேல் வழக்கு நடத்துவது யார்? நீங்கள் அல்ல, அரசு. உங்களுக்காக வாதாடுபவரும் அரசு வக்கீல்தான். நீங்கள் வெறும் சாட்சி. ஆடு உங்களுடையது. வழக்கு அரசுடையது.

ஏன் இப்படி? குற்றம் என்பது ஒருவருக்கு மட்டும் செய்த தீங்கு அல்ல. ஊர் அமைதிக்கே செய்த தீங்கு. அதனால் ஊர் எல்லோருக்கும் பொதுவான அரசு வழக்கு நடத்துகிறது. ஏழையாக இருந்தாலும் அவனுக்காக வழக்கு நடக்க வேண்டும் அல்லவா? பெரிய மனிதர் மிரட்டினாலும் வழக்கு நிற்கக் கூடாது அல்லவா?

இதில் ஒரு சங்கடமும் உண்டு. வழக்கு நடத்துகிற அரசே 'வேண்டாம், விட்டுவிடுகிறோம்' என்றால்? அதற்கும் சட்டத்தில் இடம் இருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 321. அரசு வக்கீல் மனுக் கொடுக்கலாம். ஆனால் நீதிபதி சம்மதிக்க வேண்டும். அவ்வளவுதான். மகனை இழந்த தகப்பனைக் கூப்பிட்டு 'நீ என்ன சொல்கிறாய்?' என்று கேட்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. மைசூர்க் கோர்ட்டில் அப்துல் கரீமுக்கு நாற்காலி இல்லை. அதனால் டில்லிக்குப் போனார்.

அவருடைய நிலையை நினைத்துப் பாருங்கள். காட்டில் ஒரு முதியவர் கைதியாக இருக்கிறார். இரண்டு மாநிலங்களும் அவர் உயிருக்காகத் தவிக்கின்றன. இந்த நேரத்தில் 'கைதிகளை விடாதே' என்று கோர்ட்டுக்குப் போவது எளிதா? இதனால் ராஜ்குமாருக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று பயந்தவர்கள் இருந்தார்கள். அவர் பின்வாங்கவில்லை.

சுப்ரீம் கோர்ட் முதலில் கைதிகளை விடுவதற்குத் தடை போட்டது. பிறகு முழுமையாக விசாரித்தது. நீதிபதிகள் பரூச்சா, மொகாபாத்ரா, சபர்வால் ஆகிய மூவர் கேட்டார்கள். 2000 நவம்பர் 7-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. மைசூர்க் கோர்ட் கொடுத்த அனுமதி செல்லாது. தமிழ்நாட்டிலும் ஐந்து பேரை விட முடியாது.

என்ன காரணம் சொன்னார்கள்? அரசு வக்கீல் என்பவர் அரசின் தபால்காரர் அல்ல. அரசு யோசனை சொல்லலாம். ஆனால் வழக்குக் கட்டை அவரே படித்து, தாமே யோசித்து, மனச்சாட்சிப்படி முடிவு செய்ய வேண்டும். நீதிபதியும் அப்படியே. வழக்கை விடுவதால் நீதிக்கு நன்மையா கேடா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். மைசூரில் எல்லைப் பகுதியில் அமைதி திரும்ப வேண்டும் என்று மட்டும் மனு சொன்னது. கைதிகளை விட்டால் அமைதி எப்படித் திரும்பும்? வெளியே வருகிறவர்கள் மறுபடியும் கும்பலோடு சேர்ந்தால்? அதை எடைபோட நீதிபதியின் முன்னால் எதுவுமே வைக்கப்படவில்லை. இத்தனை வருடமாக ஒரு கும்பலைப் பிடிக்க முடியாத இரு அரசுகளையும் நீதிபதிகள் கண்டித்தார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? நவம்பர் 15-ஆம் தேதி ராஜ்குமார் வெளியே வந்தார். 108 நாள் காட்டில் இருந்தார். அவருக்காக விட்டுக்கொடுக்க நினைத்த கைதிகள் அப்போதும் சிறையில்தான் இருந்தார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு

இதோடு கதையை முடித்தால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

மைசூர்ச் சிறையில் இருந்த எல்லோரும் வீரப்பன் ஆட்களா? 2001 செப்டம்பர் 29-ஆம் தேதி மைசூர் தடாக் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. சிலருக்குத் தண்டனை. மிகப் பெரும்பாலோர் மேல் குற்றம் நிரூபணமாகவில்லை. அவர்களை விட்டுவிட்டார்கள். சோறு கொடுத்தார்கள், அரிசி வாங்கிக் கொடுத்தார்கள், பார்த்தும் சொல்லவில்லை என்று பிடிபட்ட மக்கள் அவர்களில் உண்டு. துப்பாக்கியோடு வந்து சோறு கேட்டால் காட்டு ஊரில் யார் இல்லை என்பார்கள்? கொடுத்தால் போலீஸ். கொடுக்காவிட்டால் வீரப்பன்.

எட்டு வருடம் ஒரு குடும்பத்தில் எவ்வளவு நீளம்! பிடித்துப் போனபோது தவழ்ந்த குழந்தை, வரும்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்.

எனக்குத் தோன்றுவது இது. அரசு வக்கீல் 2000-இல் ஒவ்வொருவர் வழக்குக் கட்டையும் பிரித்துப் படித்திருந்தால்? 'இவர் மேல் சாட்சியம் இல்லை, இவரை விடலாம்' என்று பெயர் பெயராக எழுதியிருந்தால்? அப்படி ஒரு மனுவைச் சுப்ரீம் கோர்ட் தள்ளியிருக்குமா? 2000-ஐ விடுங்கள். 1995-லேயே செய்திருக்கலாம். கடத்தல்காரன் கேட்டபோதுதான் கைதிகள் ஞாபகம் வந்தார்கள். குற்றமில்லாதவர்களையும் குற்றவாளிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி, பேரத்தில் வைத்தார்கள். அதைத்தான் கோர்ட் தடுத்தது. மூட்டையைப் பிரித்துப் பார்க்கிற வேலை இன்னும் ஒரு வருடம் கழித்து நடந்தது.

போலீஸ் முகாம்களில் நடந்ததும் வெளியே வந்தது. மாதேஸ்வரன் மலையில் அதிரடிப்படை முகாம் இருந்தது. அங்கே ஓர் அறையை 'ஒர்க்‌ஷாப்' என்று சொல்வார்கள். மனிதர்களை அடித்ததும் மின்சாரம் பாய்ச்சியதும் அங்கேதான் என்று மக்கள் சொன்னார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் வந்து, அந்தக் குழுவின் முன்னால் நின்று, நடந்ததைச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது காகிதத்தில் ஏறியது. 2007-இல் ஆணையம் 89 பேருக்கு இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னது. மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய்.

வீரப்பனும் நிற்கவில்லை. 2002 ஆகஸ்ட் 25-ஆம் தேதி ஹனூர்ப் பக்கம் காமகெரே ஊரில் முன்னாள் அமைச்சர் எச். நாகப்பாவைக் கடத்தினான். ஹனூர்த் தொகுதியில் எம்.எல்.ஏ.வாக இருந்தவர் அவர். டிசம்பர் 8-ஆம் தேதி காட்டில் அவருடைய பிணம் கிடைத்தது. 2004 அக்டோபர் 18-ஆம் தேதி தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே தமிழ்நாட்டு அதிரடிப்படை வீரப்பனைச் சுட்டுக் கொன்றது.

தூக்குக் கயிறும் ஒன்பது வருடமும்

பாலாறு வெடிகுண்டு வழக்கில் மைசூர்க் கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது. அவர்களில் நான்கு பேரின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2004 ஜனவரி 29-ஆம் தேதி அந்த நால்வருடைய ஆயுள் தண்டனை தூக்குத் தண்டனையாக மாறியது. உடனே ஜனாதிபதிக்குக் கருணை மனு அனுப்பினார்கள்.

பதில் எப்போது வந்தது தெரியுமா? 2013 பிப்ரவரியில். ஒன்பது வருடம் கழித்து. 'மறுக்கப்பட்டது' என்று வந்தது. அதுவரை ஒவ்வொரு விடியற்காலையும் 'இன்றைக்கா?' என்று எண்ணிக்கொண்டு பெல்காம் சிறையில் கிடந்தார்கள்.

மறுபடியும் சுப்ரீம் கோர்ட். 2014 ஜனவரி 21-ஆம் தேதி தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையில் மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். முன்பு சொன்ன சதாசிவா வேறு, இவர் வேறு. இவர் ஈரோடு மாவட்டத்துக்காரர். இந்த நால்வரோடு, நாட்டின் பல சிறைகளில் இருந்த இன்னும் பதினொரு பேருக்கும் சேர்த்து, தூக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. காரணம் இல்லாமல் வருடக்கணக்கில் காக்க வைப்பதும் ஒரு சித்திரவதையே என்றது தீர்ப்பு. கருணை மனு மறுக்கப்பட்டால் அதைக் கைதிக்கும் குடும்பத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு 14 நாளாவது அவகாசம் தர வேண்டும். இலவச வக்கீல் தர வேண்டும். இவை எல்லாச் சிறைகளுக்கும் சட்டம் ஆயின.

சிலருக்கு இது பிடிக்காது. 22 பேர் செத்தார்களே, அவர்கள் குடும்பம் காத்திருக்கவில்லையா என்று கேட்பார்கள். அது நியாயமான கேள்விதான். அந்தத் தீர்ப்பால் அந்த நால்வரும் விடுதலை ஆகிவிடவில்லை. தூக்கு மட்டுமே நீங்கியது.

கோர்ட்டில் ஒரு நாற்காலி

இன்றும் ஏதாவது ஒரு மாநில அரசு ஒரு வழக்கைக் கைவிட முயன்றால், வக்கீல்கள் 'அப்துல் கரீம் வழக்கு' என்று எடுத்துக் காட்டுகிறார்கள். 2015-இல் கேரளச் சட்டசபைக்குள் நாற்காலிகளை உடைத்த உறுப்பினர்கள் மேல் வழக்கு வந்தது. பின்னால் வந்த அரசு அதை விட்டுவிடப் பார்த்தது. 2021-இல் சுப்ரீம் கோர்ட் அதற்கு மறுத்தது. அந்தத் தீர்ப்பிலும் அவர் வழக்கு பேசப்பட்டது.

2024 ஜூலை 1-ஆம் தேதி முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், புதிய சட்டம் வந்தது. அதன் பெயர் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா. பழைய பிரிவு 321 இப்போது பிரிவு 360. அதில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அரசு வழக்கைக் கைவிட மனுக் கொடுத்தால், பாதிக்கப்பட்டவர் சொல்வதையும் கேட்காமல் கோர்ட் அனுமதி கொடுக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர் இறந்து போயிருந்தால் அவருடைய வாரிசு பேசலாம். அதற்காக இனி டில்லி வரை போக வேண்டியதில்லை. வழக்கு நடக்கிற கோர்ட்டிலேயே பேசலாம்.